காலையில் மட்டும் எரிந்த விளக்கு

சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரியும். இஞ்சின் உறுமத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். போன டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, ஒன்று மட்டும் அணையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி, நல்ல சிவப்பு. பிரேக்கில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

கைப்பிரேக்கைப் பார்த்தேன். இறக்கித்தான் இருந்தது. ஒரு தடவை தூக்கி மறுபடி இறக்கினேன். விளக்கு அணையவில்லை. முற்றத்திலேயே வண்டியை முன்னும் பின்னுமாக நகர்த்தி மிதித்துப் பார்த்தேன். பிரேக் சொன்ன இடத்தில் பிடித்தது. "நல்லாத்தானே இருக்க, பிறவு என்னத்துக்கு இந்தக் கண்ணை உருட்டுக?" என்று வண்டியிடமே கேட்டேன். சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. பைய உருட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில், கால்வாய்ப் பாலம் தாண்டியதும், அதுவாகவே அணைந்துவிட்டது.

அணைந்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை. நான் நர்ஸ். வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பாதி ஆயுசைக் கழித்தவள். சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிற காய்ச்சலை நான் ஒருநாளும் நம்பியதில்லை. மறுநாள் காலை அது திரும்பி வந்தபோது, நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டு கதவு, இரண்டு ஸீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். மீன்கொத்தியின் நீலம். வேகத்தடையைக் கண்டால் குறுக்காகத் திருப்பி ஏற வேண்டும், இல்லையென்றால் வயிறு தட்டும். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜனிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது. டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது அதன் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்பேன். "நாட்டுக்குப் போனா நான் இதைத்தான் வாங்கப் போறேன்" என்பேன். கூட இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரிப்பார்கள். அவர்களைப் போலவே நானும் நிலம் வாங்கினேன், அவர்களைப் போலவே நானும் வீடு கட்டினேன், மகனைப் படிக்க வைத்துக் கனடாவுக்கு அனுப்பினேன். அதெல்லாம் கடமை. கார் ஆசை. கடமை முடிந்த பிறகு எர்ணாகுளத்தில் ஒரு டாக்டர் பத்திரமாக வைத்திருந்த பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்தது. நானே போய் வாங்கி, நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். களியக்காவிளை தாண்டி நம் ஜில்லாவுக்குள் நுழைந்ததும், ஏசி நன்றாக வேலை செய்தும் இரண்டு கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான். அதைச் சொல்வதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அக்கரையில் இருந்த காலமெல்லாம் மகனைக் குளிப்பாட்டி, சோறாக்கி, பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்தது அவர்தான். வீட்டில் கேட் முனகினாலும் தையல் மிஷின் இறுகினாலும் குடை மடங்க மறுத்தாலும் சத்தமில்லாமல் வந்து சரிசெய்துவிட்டுப் போவார். நல்ல மனுஷன். ஆனால் ஊர் வாய் அவரை விடவில்லை. கல்ஃப்காரிக்க மாப்பிள்ளை என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவர் காதில் விழாதது போலத்தான் இத்தனை வருஷமும் நடந்தார்.

விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது கார் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து சர்ச் வளாகத்தில் வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம். "சாரே, இது யாருக்க வண்டியாக்கும்?" என்று ஒருவர் கேட்டார். நான் சாவியும் கையுமாகப் பக்கத்தில் நிற்கிறேன். இவர், "மகன் வாங்கிப் போட்டிருக்கான்" என்றார். மகன் கனடாவில் பஸ்ஸில் போய் வருகிறான்.

நான் சாவியைப் பைக்குள் போட்டேன். அன்றைக்கு வைத்த ரசத்தில் நல்லமிளகு கொஞ்சம் கூடிப்போய்விட்டது, அவ்வளவுதான். அதன் பிறகு யார் கேட்டாலும் அவருக்கு அதே பதில்தான். வண்டியில் ஏறவும் மாட்டார். "அவ்வளவு குனிஞ்சு ஏற முடியாது, முட்டு வலிக்கும்" என்று சொல்லித் தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவார். சர்ச்சுக்கு நான் காரில் முன்னால், அவர் ஸ்கூட்டரில் பின்னால். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். எனக்கு இருக்கவில்லை.

எங்கள் வீடு பூதப்பாண்டிக்கு மேலே, மலையடிவாரத்தில். இந்த மாதிரி வண்டியைத் தொடத் துணிகிற மெக்கானிக் எனக்குத் தெரிந்து, கடற்கரைப் பக்கம் கொட்டாரம் என்கிற ஊரில்தான் இருந்தார். துபாயில் பெரிய ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர், என்னைவிட வயதில் சிறியவர், நல்ல வேலைக்காரர். விளக்கு எரிந்த மூன்றாம் நாள் அவரிடம் கொண்டுபோனேன். மலையடிவாரத்திலிருந்து வயலும் சந்தையும் தாண்டிக் கடல் பக்கம் போய்ச் சேர்வதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

"அக்கா, வண்டி எனக்க முன்னால நல்ல பிள்ளையாட்டு நிக்குகு" என்றார். பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார், நிறைய இருந்தது. சக்கரத்தைக் கழற்றி பிரேக் கட்டையைப் பார்த்தார், தேயவில்லை. கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார், குற்றம் எதுவும் காட்டவில்லை. டாக்டர் வந்து நின்றதும் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்கிற நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர் போனதும் மூச்சு வாங்கும். அப்படி ஒரு நோயாளி என் வண்டிக்குள்ளேயே இருக்கும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் காலை எரிந்தது. அதற்கு மறுநாளும். மறுபடி கொட்டாரம். ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினார். அதற்கடுத்த காலையிலும் எரிந்தது.

அந்த வாரம் ஒருநாள் விடிந்ததிலிருந்து மழை. வாடைக்காற்றும் சாரலுமாக ஊரே விறைத்துக் கிடந்தது. அன்றைக்கு விளக்கு அணையவே இல்லை. பாலம் தாண்டியும் எரிந்தது, சுசீந்திரம் தாண்டியும் எரிந்தது. எரிகிற விளக்கோடு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தபோது மெக்கானிக்குக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பிடிச்சாச்சு அக்கா! தண்ணி ஏறுகு. வயருக்க இடையில ஈரம் நிக்குகு." ஸீட்டை நகர்த்தி, நடுவில் இருந்த பிளாஸ்டிக்கைத் தளர்த்தி, சூடுகாற்று ஊதுகிற மிஷினை வைத்து வயர் போகிற இடமெல்லாம் ஊதினார். ஊத ஊத, விளக்கு அணைந்தது. இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டோம். டேப்பைச் சுற்றி மூடி அனுப்பினார்.

அடுத்த இரண்டு நாளும் நல்ல வெயில், வண்டியை நான் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லாத முற்றத்தில், சாவியைத் திருப்பினேன். அது எரிந்தது. அப்போது ஒன்று உறுதியாயிற்று. தண்ணீர் இல்லை. மழையோடு சேர்ந்து வந்த வேறு எதுவோ.

பக்கத்து வீட்டில்தான் என் வீட்டுக்காரரின் அண்ணன் இருக்கிறார். ஒரு காலத்தில் லாரி வைத்திருந்தவர். நாலு சக்கரத்தில் ஓடுகிற எதைப் பற்றியும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவர், கை கழுவிய கையோடு ஆரம்பித்தார்.

"எம்மா, சொல்லுகேன்னு வருத்தப்படாத. பிரேக்குக்க விளக்கு எரியுகுண்ணா அது வெளையாட்டு காரியம் இல்ல. இந்த மலை ரோட்டுல எறங்கும்போ பிரேக்கு போச்சுண்ணா என்ன செய்வ? திருவனந்தபுரத்துல ஒரு ஆளு இந்த மாதிரிப் பழைய வண்டியளை எடுக்கான். நான் பேசிட்டேன். சனியாழ்ச்ச வருவான்."

"நான் விக்கப் போறேன்னு யார்கிட்ட சொன்னேன் அத்தான்?"

"நீ எதுக்குச் சொல்லணும்? எனக்குத் தெரியாதா? மூணு மட்டம் ரிப்பேரு பாத்தாச்சு, நிக்கல்ல. இந்த வயசுல ஒரு பெண்பிள்ளைக்கு இந்த வண்டி ஆவாது, கேட்டியா."

கோபம் தலைக்கேறிவிட்டது. வென்டிலேட்டர் அலாரம் நாலு பக்கமும் அடிக்கும்போது பதறாமல் நின்றவளிடம், கண்ணாடி மணி அளவு விளக்கைச் சாக்கிட்டு வயசைக் காட்டுகிறார். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை எனக்காகச் சொல்வார் என்று நினைத்தேன்.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டு, "வித்துரலாம் ஏட்டி" என்றார். "உனக்கு ஏதாவது ஆச்சுண்ணா நான் என்ன செய்வேன்?"

அவர் பயத்தில் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது, அழக் கூடாது என்பதால் கத்தினேன். "செரி. சனியாழ்ச்ச அந்த ஆளு வரட்டும். அதுக்குள்ள நான் அந்த விளக்கை அணைக்கல்லேண்ணா, நானே சாவியை எடுத்து அவன் கையில குடுப்பேன். அணைச்சிட்டேண்ணா, இந்த வண்டியைப் பற்றி ஒருத்தரும் வாயத் திறக்கப்படாது."

"செரி பாப்போம்" என்று அத்தான் பல் குத்திக்கொண்டே எழுந்துபோனார். வாக்கு கொடுத்தால் மாற்றிப் பேசுகிற பழக்கம் எனக்கில்லை, அது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை முதல் நான் வார்டில் செய்கிற மாதிரியே செய்தேன். அலாரம் அடித்தால் முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும். பிறகு வயரை. கடைசியில் மிஷினை. புதுசாக வருகிற பிள்ளைகள் மிஷினைத்தான் முதலில் தட்டுவார்கள். என் நோயாளி பிரேக். ஆயில் சரி, கட்டை சரி, பிடிப்பு சரி. ஆக, நோயாளிக்கு நோய் இல்லை. எங்கோ ஒரு பொய்த் தகவல் கிளம்பி வருகிறது.

எப்போது கிளம்புகிறது? விடியற்காலை, நிச்சயம். மத்தியானம் வெயிலில் நிறுத்தி எடுத்தால், ஒருபோதும் இல்லை. மழை நாளில் முழுநாளும். சூடுகாற்று ஊதினால் அணைந்தது. கணக்கு வாத்தியார் பெண்டாட்டிக்கு இந்தக் கணக்கு கஷ்டமா? ஈரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குளிர். தணுப்பு கண்டால் எரிகிறது, சூடு கண்டால் அணைகிறது. மலையடிவாரத்தில் எரிகிறது, கொட்டாரத்தில் அணைகிறது. மெக்கானிக்குக்கு போன் போட்டுச் சொன்னேன். "செரிதான் அக்கா, ஆனா எது தணுத்தா எரியும்? இதுல தணுத்து ஒறையுற சாமானே கிடையாதே" என்றார். அவர் சொன்னதும் நியாயம். இந்த வண்டி பனி பெய்கிற நாடுகளில் எல்லாம் ஓடுகிறது. மார்கழிக் குளிருக்கு நாம் கம்பளி தேடுவோம், இரும்புக்கு இதெல்லாம் குளிரா?

அங்கேயே நின்றுவிட்டேன். செவ்வாய், புதன், வியாழன் என்று நாள் போனது. ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தேன். டார்ச்சைக் கடித்துக்கொண்டு ஸீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். கிடைத்ததெல்லாம் மகன் லீவுக்கு வந்தபோது தொலைத்த பேனாவும் இரண்டு கடலைத் தோலும்தான். வேறொரு விஷயமும் அந்த வாரம் என்னை எரிச்சல்படுத்தியது. மத்தியான வெயிலில் கதவைத் திறந்தால் வண்டிக்குள் தேங்காயெண்ணெய் வாசம். என் தலைதான் காரணம் என்று நினைத்து, ஸீட்டின் தலைப்பகுதி உறையைக் கழற்றித் துவைத்துப் போட்டேன். உறை காய்ந்து திரும்ப மாட்டிய பிறகும் வாசம் போகவில்லை. இருக்கிற தொல்லையில் இது வேறா என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியைத் துடைத்தேன். சாதாரணமாகத் துடைக்கிறதைவிட அதிக நேரம் துடைத்தேன். ஜன்னல் வழியாக வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று நானும் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நல்ல குளிர். குளித்துவிட்டு வந்து எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டியாகி நின்றது. மார்கழியில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான். குப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, காம்பவுண்டுச் சுவரில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி, வெயில் மலையைத் தாண்டி வருவதற்காகக் காத்து நின்றேன். ஒரு பக்கம், சுவர்மேல் குப்பி. மறுபக்கம், முற்றத்தில், நீலக் கார்.

வெயில் வந்தது. குப்பியின் ஓரத்தில் வெள்ளை விட்டுக்கொடுத்து, கண்ணாடி மாதிரி ஒரு கோடு தெளிந்தது. ராத்திரி கட்டி. வெயில் ஏறினால் தண்ணீர். மழை நாளில் நாள் முழுக்கக் கட்டி.

ஊசி வாயிலிருந்து விழுந்தது. பொறுக்கிக்கொண்டு ஓடினேன்.

கதவைத் திறந்து முழங்காலில் நின்று, நாய் மாதிரி மோந்துகொண்டே போனேன். ஸீட்டில் இல்லை. கதவில் இல்லை. இரண்டு ஸீட்டுக்கும் நடுவில், கைப்பிரேக்கின் அடியைச் சுற்றியிருக்கிற தோலுறையில் மூக்கை வைத்ததும் பிடித்துவிட்டேன். உறையின் ஓரத்தைப் பிய்த்துத் தூக்கினேன். உள்ளே, இரும்புக்கு இடையில், மெழுகுதிரி உருகி வழிந்து நின்ற மாதிரி தேங்காயெண்ணெய் உறைந்து கிடந்தது. பல வருஷத்துத் தூசியும் அதோடு சேர்ந்து பசையாகியிருந்தது. அந்தப் பசைக்குள் ஒரு சின்ன நாக்கு. கைப்பிரேக்கைத் தூக்கினால் அதுவும் மேலே போகும், விளக்கு எரியும். இறக்கினால் ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைக் கீழே இழுக்க வேண்டும். எண்ணெய் கட்டியான காலையில் அந்த ஸ்பிரிங்குக்கு இழுக்கப் பலமில்லை. கைப்பிரேக் கீழே வந்துவிட்டது, நாக்கு மேலேயே நின்றது. பாவம், அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் நாக்கு சொல்வதுதான்.

சாவியைத் திருப்பினேன். இஞ்சின் உறுமியதும் கைப்பிரேக்கை இறக்கினேன். சிவப்பு அணையாமல் எரிந்தது. கொண்டை ஊசியால் நாக்கை மெல்லக் கீழே தட்டினேன். அணைந்தது. மேலே தூக்கினேன். எரிந்தது. மறுபடி தட்டினேன். அணைந்தது. ஈரத்தலையோடு, முழங்கால் மண்ணோடு, முற்றத்தில் தனியாக, நான் உரக்கச் சிரித்தேன். எத்தனையோ பேருக்கு மூச்சைத் திரும்பக் கொண்டுவந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் ஒரு டாக்டர் இருப்பார், நாலு நர்ஸ் இருப்பார்கள். இது நான் ஒருத்தியே கண்டுபிடித்தது. அவ்வளவு பெருமை எனக்கு.

பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. இதில் எண்ணெய் விட்டது யார்? கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் ஊசி கழற்றிய ஒரு சிரிஞ்ச் உண்டு, அதில் எப்போதும் தேங்காயெண்ணெய் நிறைந்திருக்கும். கேட்டுக்கும் தையல் மிஷினுக்கும் குடைக்கும் அதுதான் மருந்து. வைத்தியர் ஒருவர்தான்.

"இங்ஙன வாருங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் ஓடின. அவர் கையில் தேங்காய் மூடியோடு வந்தார். உறையைத் தூக்கி வெள்ளையைக் காட்டினேன். "இது என்னது?"

குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "எண்ணெய்" என்றார்.

"எண்ணெய்ண்ணு எனக்குத் தெரியாதா? இந்த எளவுதான் ஒறைஞ்சு போய் விளக்கை எரிய விட்டிருக்கு. நாலு பேர் முன்னால நான் தலைகுனிஞ்சு நின்னேன். நாளைக்கு வண்டியையே குடுக்க இருந்தேன். யாரு விடச் சொன்னா? ஏன் விட்டீங்க?"

அவர் தேங்காய் மூடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "உனக்குக் கைமணிக்கட்டு வலிக்கும்லா" என்றார். "அந்தப் பிரேக்கை இழுக்கும்போ எல்லாம் 'ஆ'ண்ணு ஒரு சத்தம் போடுவ. எனக்கு அடுக்களையில கேக்கும். நீ மத்தியானம் உறங்கின நேரம் பாத்து விட்டேன். இறுகி இருந்ததுல்லா, எண்ணெய் விட்டா லேசா வரும்னு நினைச்சேன்."

நோயாளிகளைத் தூக்கித் தூக்கி என் இடது மணிக்கட்டு போய்விட்டது உண்மைதான். நவம்பருக்குப் பிறகு கைப்பிரேக் லேசாக வந்ததும் உண்மை. மழைக்காலம் முடிந்ததால் இரும்பு இளகிவிட்டது என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். சத்தம் போட்டேனா என்பது எனக்கே தெரியாது. அடுக்களையில் நின்ற ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

"குனிஞ்சு ஏற முடியாது, முட்டு வலிக்கும்னு சொன்ன ஆளு எப்பிடி உள்ள ஏறினீங்க?"

"முட்டுபோட்டுத்தான்" என்றார். "கொஞ்சம் வலிச்சுது."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துட்டு வாருங்க" என்றேன். கொண்டுவந்தார். அந்தப் பக்கக் கதவைத் திறந்து அவரும் முழங்காலிட்டார். புண்ணைச் சுத்தம் செய்கிற மாதிரி அந்தப் பசை முழுவதையும் நான் துடைத்து எடுக்க, அவர் டார்ச்சைப் பிடித்தார். மெக்கானிக்குக்கு போன் போட்டேன். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, அண்ணைக்கு நான் சூடுகாத்து அடிச்சு எண்ணெயை உருக்கியிருக்கேன்! தண்ணி வத்திச்சுண்ணுல்லா நினைச்சேன். செரி, அதுல ஒரு துள்ளி கிரீஸ் வைங்க. லேசாட்டும் இருக்கும், ஒறையவும் செய்யாது." கிரீஸை வாங்கிவர ஸ்கூட்டரில் பூதப்பாண்டிக்குப் போனது என் வீட்டுக்காரர்.

சனிக்கிழமை காலை அதைவிடக் குளிர். நல்லது என்று நினைத்தேன். திருவனந்தபுரத்துக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். கண்ணியமான ஆள், வண்டியைச் சுற்றி வரும்போதே அதன் அருமை தெரிந்தவர் என்று புரிந்தது. அத்தான் பின்னால் கைகட்டி நின்றார், லாரி காலத்துத் தோரணையில்.

சுவரில் எண்ணெய்க் குப்பி கட்டியாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்தேன். கதவைத் திறந்தே வைத்தேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்கும் எரிந்தது. இஞ்சின் உறுமியது. ஒவ்வொன்றாக அணைந்தது. கைப்பிரேக்கை இறக்கினேன். கடைசிச் சிவப்பும் அணைந்தது.

அத்தான் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "எப்பிடிம்மா? என்ன கோளாறு?"

என் வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் நின்றார். கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. நான் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பார். சொல்லியிருந்தால் அடுத்த சர்ச் பெருநாள் வரை ஊரில் அதுதான் பேச்சு, வாத்தியாருக்க தேங்காயெண்ணெய் வைத்தியம் என்று.

"ஒரு சின்ன ஸ்பிரிங் அத்தான்" என்றேன். "தணுப்புக்கு இறுகிப் போச்சு. கிரீஸ் வச்சேன்."

"நீயா?"

"நானாக்கும்."

வந்தவர் குறுக்கிட்டார். "சாரே, குறையில்லாத வண்டின்னா நான் சொன்னதைவிடக் கூட்டித் தரலாம். மகனுக்க வண்டின்னு உங்க அண்ணன் சொன்னாரு. மகனிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க." என்னைத் தாண்டி, செம்போடு நிற்கிற மனிதரைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். இந்தப் பதிலை எத்தனையோ தடவை கேட்டாயிற்று, இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போகிறேன் என்று மனதைத் தயார்செய்துகொண்டேன்.

செம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"மகனுக்க வண்டி இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். "அவளுக்க வண்டியாக்கும். அவ சம்பாதிச்சு வாங்கினது, அவதான் ரிப்பேரும் பாத்தது. விப்பாளா மாட்டாளாண்ணு அவகிட்டக் கேளுங்க."

வந்தவர் என்னிடம் திரும்பினார். "விக்கல்லே" என்றேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவர் சிரித்து, கைகூப்பி, "நல்லது அம்மா, நானும் விக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அத்தான் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனார்.

நான் கைப்பிரேக்கைத் தூக்கிவிட்டு வண்டியை அணைக்கப் போனேன். அதற்குள் அந்தப் பக்கக் கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் கதவு விளிம்பைப் பிடித்து, ஒரு காலை உள்ளே வைத்து, முனகி, தலையைக் குனிந்து, முழங்காலை மடக்கி ஒருவழியாக உட்கார்ந்தார். பெல்ட்டைத் தேடி மாட்டினார். கண்ணாடியை இறக்குகிற பொத்தான் எது என்று தடவிக் கண்டுபிடித்து, தன் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கினார்.

"எங்க போவணும்?" என்று கேட்டேன்.

"சந்தைக்கு. மீன் வாங்கணும்" என்றார். "சர்ச்சு முக்கு வழியா போ ஏட்டி."

சனிக்கிழமை காலையில் ஊரில் பாதிப் பேர் நிற்பது சர்ச்சு முக்கில்தான். சந்தைக்கு அது சுற்றுவழி. கைப்பிரேக்கை இறக்கி, சர்ச்சு முக்குப் பக்கமே வண்டியைத் திருப்பினேன்.